நூலுக்கு விட்ட ஈரம்

லெயோகாடியாவை ஆலையில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் லோஜாதான். பதினேழு வயதில் போலந்தின் எங்கள் வூட்ச் நகரத்துக் காலுறை ஆலைக்கு வந்தவள், இருபத்து நான்கு வருஷமாகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தாள். நைலான் காலுறைக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, விளக்கொளியில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தாலும் தனியே எடுத்துப் போட வேண்டும். நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவோம். அவள் என்னைப் பார்த்து ஊர்வம்பு பேசிக்கொண்டே விரல் நுனியால் கண்டுபிடித்துவிடுவாள்.

அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே. கணவன் டிராம் ஓட்டுகிறான், பிள்ளை கிடையாது, குடியிருப்பது நாலாம் மாடியில் ஒன்றரை அறை. கர்வப்பட வேறு என்னதான் இருந்தது அவளுக்கு? நான் அவளுக்கு நேர் கீழே மூன்றாம் மாடி. ஆலையிலும் அடுத்த மேசை. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சொல்லக் கூசுகிற ஆளும் நான்தான்.

குளிர்காலம் வந்தால் அந்தக் கைக்கு ஆபத்து வந்துவிடும். எங்கள் கட்டடத்துக்கு வெப்பம் நகரத்துக் கொதிகலனிலிருந்து வருகிறது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கணப்புக் குழாயில் திருகு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதன்மேல் ஏழு முறை பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள். அக்டோபரில் சூடேறும் கணப்பு ஏப்ரல்வரை கொதிக்கும். காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையணையில் மூக்கு ரத்தம். நேற்று வாங்கிய ரொட்டி இன்று செங்கல்.

ஜன்னலைத் திறந்தால் போயிற்று என்பீர்கள். அவள் கணவன் ஜெனெக்கிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். நாள் முழுக்க டிராம் கதவு திறந்து மூடுவதில் காற்று அடித்துத் தன் காது பாதி போய்விட்டதென்பது அவன் கட்சி. நவம்பர் முதல் வாரமே ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து, மேலே காகிதப் பட்டை ஒட்டிவிடுவான். ஈஸ்டருக்குத்தான் பிரிப்பான். எங்கள் ஊரில் ஒரு ஆண் போருக்குப் பயப்படாமல் இருப்பான், குறுக்குக் காற்றுக்குப் பயப்படாமல் இருக்க மாட்டான்.

"இது என்னய்யா வீடா, சூளையா?" என்று லோஜா கத்துவது என் கூரை வழியாகக் கேட்கும்.

"சூளைன்னா சூளை. காத்து பட்டு எனக்குக் காது போச்சுன்னா, நீ போய் டிராம் ஓட்டுறியா?"

"உனக்குக் காதுன்னா எனக்குக் கை. தெரியுதா?"

"கைக்கு என்னடி, தோல்தானே? தானா வளரும்."

தானா வளரவில்லை. விரல் மடிப்புகளில் வெடித்தது, நகக்கண்ணைச் சுற்றித் தோல் முள்ளாக நிமிர்ந்தது. அந்தக் கையை நைலானுக்குள் விட்டால் ஒரே இழுவை. குறை கண்டுபிடிக்கிறவளே குறையை உண்டாக்குகிறாள். களிம்பு பூசிக்கொண்டு உட்காரவும் வழியில்லை, எண்ணெய்க் கறை பட்ட காலுறையை யார் வாங்குவார்கள்?

அதற்காகவே எங்கள் மேற்பார்வையாளர் ரெகினா அம்மா திங்கட்கிழமை தோறும் வாசலில் நிற்பாள். கழித்துப் போட்ட காலுறை ஒன்றை ஒவ்வொருத்தி கையிலும் மாட்டி உருவுவாள். வழுக்கிக்கொண்டு வந்தால் மேசை. இழுபட்டால் அந்த வாரம் அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவு. எண்பத்தைந்தாம் வருஷம் பிப்ரவரிக்குள் லோஜாவுக்கு மூன்று முறை இழுபட்டுவிட்டது.

"லோஜா, எனக்கும் மேலே பதில் சொல்லணும்" என்றாள் ரெகினா அம்மா. "மார்ச் எட்டாம் தேதி காலையில கடைசியா ஒரு தடவை பாக்கறேன். வழுக்குச்சுன்னா உன் நாற்காலி உனக்கு. இல்லேன்னா பொட்டிதான், நிரந்தரமா."

"பொட்டி மடிச்சா அட்டை இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிடுமே அம்மா. அப்புறம் இந்தக் கை எந்தக் காலத்துல ஆறும்?"

"அதான் சொல்றேன். இப்பவே ஆத்திக்கோ."

மூன்று வாரம். லோஜா போட்ட பாட்டை நான் பார்த்தேன். உருளைக்கிழங்கு வேகவைத்த நீரை வடித்து வெதுவெதுப்பாகக் கையை முக்கி உட்கார்ந்திருப்பாள். ஆளிவிதையைக் கொதிக்கவைத்துக் கொழகொழப்பு எடுத்துப் பூசுவாள். வாத்துக் கொழுப்பைத் தடவிப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு படுப்பாள். "மகாராணி நாட்டியத்துக்குக் கிளம்பிட்டாங்க" என்று ஜெனெக் மாடிப்படியில் நின்று எங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கணப்பில் பீங்கான் தொட்டி தொங்கவிட்டு நீர் ஊற்றினாள். ஈரத் துண்டுகளை விரித்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் துண்டு அப்பளமாகிவிடும்.

கடைசியில் பொறுக்காமல் சமையலறை ஜன்னலின் காகிதத்தைக் கிழித்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். மடக்குக் கட்டிலை அங்கே போட்டு, நடுக்கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைச் சாண் அளவு திறந்து, மூன்று கம்பளிக்குள் படுத்தாள். பத்தே நாளில் கை மாறிவிட்டது. ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து என் நல்ல காலுறையை எடுத்துக் கையில் மாட்டி உருவிக் காட்டினாள். சத்தமே இல்லை.

"பாத்தியா மிர்கா? இன்னும் ஒரு வாரந்தான்டி!"

அடுத்த நாளே ஜெனெக்குக்குக் காது வலி. தொப்பி போடாமல் டிப்போவில் பனி அள்ளியதில் வந்ததென்று அவன் கூட்டாளியே சொன்னான். அவன் கேட்டானா? லோஜா வேலைக்கு வந்திருந்த நேரத்தில், வால்பேப்பர் ஒட்டுகிற பசையைக் காய்ச்சி, சமையலறை ஜன்னலை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டிவிட்டான். பசை இறுகியதும் ஜன்னல் சுவரோடு சுவராகிவிட்டது. கத்தியைப் போட்டு நெம்பியவளின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். கத்தி நழுவி ஆறிய விரலில்தான் கீறியது.

"என்னைக் கொல்லப் பாக்குறியாடி?" என்று அவன் கத்தியது கேட்டது. லோஜாவின் குரல் கேட்கவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டுவோமா என்று நினைத்தேன். குடும்பச் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மார்ச் எட்டு, பெண்கள் தினம். காலையில் ரெகினா அம்மா காலுறையை மாட்டி உருவினாள். சர்ரென்று ஓர் இழை மணிக்கட்டுவரை ஓடியது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று மதியம் வழக்கமான கூத்து. எங்களை வரிசையில் நிறுத்தி, டைரக்டர் ஒவ்வொருத்தி கையிலும் குனிந்து முத்தமிட்டு, ஒரு கார்னேஷன் பூவும் ஒரு ஜோடி காலுறையும் கொடுப்பார். நாங்கள் செய்த காலுறையை எங்களுக்கே கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். லோஜாவின் கையில் உதட்டை வைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். வெடிப்பு குத்தியிருக்க வேண்டும்.

"என்னம்மா இது, முள்ளம்பன்றிக்கு முத்தம் குடுத்த மாதிரி இருக்கு! ஒரு க்ரீம் வாங்கிப் பூசக் கூடாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டைரக்டர் சிரிக்கும்போது சிரிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி.

லோஜா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஐயா, பக்கத்து ஹால்ல நூல் அறுந்துடக் கூடாதுன்னு கூரையிலிருந்து தண்ணி தூவுறீங்க. செடிக்குத் தூவுற மாதிரி. அதுல ஒரு குழாயை எங்க ஹாலுக்குத் திருப்புங்க. க்ரீம் நான் கேக்கலை" என்றாள்.

டைரக்டர் தலைமை எஞ்சினியரைப் பார்த்தார். "நல்ல யோசனை. குறிச்சுக்கங்க" என்றார். குறித்துக்கொண்டார்கள். நவம்பரில் எங்கள் சோதனை ஹாலின் கூரையில் குழாய் வந்தது, காற்று வறண்டால் நைலானில் தூசி ஒட்டுகிறதாம். யோசனைக்கான பரிசும் பாராட்டுப் பத்திரமும் எஞ்சினியருக்குப் போயின. லோஜா அதற்குள் எட்டு மாதமாக தாழ்வாரத்தின் கடைசியில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அட்டை ஊறிவிடும் என்பதால் அங்கே ஈரம் ஆகவே ஆகாது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்த புதுப் பெண்ணைப் பார்த்து, "என்ன கைடி உனக்கு, வெண்ணெய்!" என்று ரெகினா அம்மா மெச்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குழாயின் புண்ணியத்தில் என் கையும் அந்த வருஷம் வெண்ணெயாகத்தான் இருந்தது.

பெட்டிப் பிரிவில் கை ஆறினால் மறுபடி சோதித்துப் பார்ப்பதாக ரெகினா அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அதை நம்பி லோஜா சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஹாலுக்கு வந்து குழாயின் கீழே நிற்க ஆரம்பித்தாள். ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே ஏந்தி இருபது நிமிஷம் நிற்பாள்.

"பூசைக்கு வந்த மாதிரி நிக்கறியே" என்றேன் முதல் நாள்.

"சிரிடி, சிரி. பத்து நாள்ல உன் பக்கத்துல வந்து உக்காரலேன்னா பாரு."

ஐந்தாம் நாள் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். கதவு திறந்தால் ஈரம் வெளியேறுகிறது, பிற பிரிவினர் உள்ளே வரக் கூடாது, யாராவது திறந்துவிட்டால் திறந்தவர்தான் பொறுப்பு. தாழ்ப்பாள் உள்பக்கம். கதவுக்கு அருகே என் மேசை.

அன்று மதியமும் லோஜா வந்தாள். கதவுக் கண்ணாடியில் விரலால் மெல்லத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். வெடிப்புக்குக் கட்டுப்போட்ட ஆள்காட்டி விரலை உயர்த்தி, ஒரே ஒரு நிமிஷம் என்று ஜாடை காட்டினாள், சிரித்துக்கொண்டே. ரெகினா அம்மா சாப்பிடப் போயிருந்தாள். ஹாலில் என்னைத் தவிர இரண்டே பேர், அவர்களும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். திறந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நான் ஒரு காலுறையை எடுத்துக் கையில் மாட்டி, விளக்குக்கு நேரே பிடித்து, இல்லாத குறையைத் தேடத் தொடங்கினேன். அவள் இன்னும் இரண்டு முறை தட்டினாள். பிறகு தட்டவில்லை.