கொளுத்தாத மெழுகுதிரிகள்

பிரியந்தினியின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு நான் கண்டதில்லை. அதன் மேல் அவளுடைய கணினி இருக்கும், சுற்றிவரக் கடதாசிகள் இருக்கும். சாப்பாடு குசினிக்குள் நின்றபடிதான்.

குருநகரில் கடற்றொழிலாளர் வீட்டில் பிறந்தவள். நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலையிலேயே பௌதிகவியல் படிப்பிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் முதுமாணிப் பட்ட ஆய்வு. ஏதோ ஒரு தேசத்துத் தொலைநோக்கி எடுத்து இணையத்தில் விட்ட படங்களை வைத்துக்கொண்டு, ஒரே கொத்தாகக் கூடியிருக்கும் விண்மீன் மண்டலங்களை எண்ணுவாள். பிரகாசமானவை எத்தனை, மங்கலானவை எத்தனை என்று நீல ஒளியில் ஒருமுறை, சிவப்பில் ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒருமுறை. கரையில் கொட்டிய மீனைப் போலத்தான் அங்கேயும். பெரியது கொஞ்சம், பொடி ஏராளம்.

அவளுடைய கணவன் றஞ்சித் நாலு வருடங்களுக்கு முன் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கரையொதுங்கியது. நவம்பரில் சகல ஆத்துமாக்களின் திருநாளன்று ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். கடலோடு போனவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களுக்கு நடுவிலுள்ள பெரிய சிலுவையடிதான். பிரியந்தினியும் போவாள். ஆனால் கொளுத்தமாட்டாள்.

இம்முறை அவளுடைய மாமி, றஞ்சித்தின் தாய் லூர்த்தம்மா, என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்னால் கேப்பாள், பிள்ளை. அவன்ரை ஆத்துமாவுக்கு மனிசியின்ரை கையாலை ஒரு வெளிச்சம் வேணுமெல்லே?”

நான் போனபோது அவள் தலையில் கைவைத்தபடி இருந்தாள். திரையில், நீல ஒளிக்கான வரைபுக் கோடு மங்கலான பக்கத்தில் தொபுக்கென்று விழுந்திருந்தது.

“காணாத இடமெல்லாம் சைபர் போட்டிட்டன். அகச்சிவப்பிலை அந்த மங்கலானதுகள் இருக்குதுகள். நீலப் படம் அவ்வளவு மங்கலைப் பிடிக்கேல்லை. காணேல்லை எண்டால் சைபரே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலைக்கண்ணால் பொடிமீன் நழுவுவதைப் பார்த்து வளர்ந்தவள் விடுகிற பிழையா இது என்று பகிடி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. சைபர்களை ஒவ்வொன்றாக அழித்து, கோடு முடிகிற இடத்தில் ‘இதுவரைதான் பார்க்க முடிந்தது’ என்று எழுதினாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். எனக்கோ எரிச்சல். இந்த வயதில் இப்படியொரு காத்திருப்பா?

“நாலு வருசமாச்சு. இன்னும் என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?”

“அவரைத்தான்,” என்றாள்.

திருநாளன்று நானும் கூடப் போனேன். சிலுவையடியில் நெருக்கம். லூர்த்தம்மா மகனுக்காகத் தன் திரியைக் கொளுத்திவிட்டு, இன்னொன்றை மருமகளின் கையில் வைத்தார்.

“கொளுத்தாட்டிலும் பிடிச்சுக்கொண்டு நில்லு.”

செபம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோருடைய திரிகளும் எரிந்த வெக்கையில் அவள் கையிலிருந்தது கொளுத்தாமலே இளகி வளைந்துவிட்டது. லூர்த்தம்மா அதைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மேசை லாச்சியை இழுத்தாள். போன வருடங்களில் மாமி கொடுத்த திரிகளெல்லாம் உள்ளே கிடந்தன. ஒன்றிலும் திரிநுனி கருகவில்லை. எல்லாமே வளைந்திருந்தன. புதியதையும் அவற்றோடு வைத்தாள்.

“அவர் வரட்டும். உதுகளைக் காட்டி நல்லாய் ஏசவேணும்.”

சொல்லிவிட்டு, நான் பக்கத்தில் நிற்பதையும் மறந்து அழுதாள்.