என் பிரளயத்தைத் தைத்துவிட்டார்கள்

என் நாவல் தனித்தனி அத்தியாயங்களாக ஒரு பெட்டியில் வரும். கலைத்துப்போட்டு எந்த வரிசையிலும் படிக்கலாம். காதலி ஓர் அத்தியாயத்தில் பெண், இன்னொன்றில் ஆண், வேறொன்றில் தான் யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஓர் அத்தியாயத்தில் உலகம் அழியும்.

இன்று வடகரப்பதிப் பக்கம் 'வாயனசாலை' என்று பலகை மாட்டிய ஒரு சின்ன நூலகத்துக்குப் போனேன். புத்தக அலமாரியில் என் பெட்டி இல்லை. கெட்டி அட்டை போட்டு, சாக்கு ஊசியால் தைத்த ஒரு புத்தகம் இருந்தது.

என் நாவலேதான்! முதல் பக்கத்திலேயே உலகம் அழிகிறது. கடைசியில் கல்யாணம்.

"யாருங்க இதைத் தைச்சது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

நூலகர் அக்கா அசரவில்லை. "நாந்தானுங்க. உதிரியாக் குடுத்தா, கண்ணாலத்தை ஊட்டுலயே வெச்சுக்கறாங்க. அழிவை மட்டும் திருப்பிக் கொண்டாந்து குடுக்கறாங்க."

"சரிங்க. வரிசை?"

"மொதல்ல அழிச்சுப்போட்டு, அப்புறம் ரெண்டு பேரையும் சேத்து வெச்சாத்தானுங்க படிக்கறவங்களுக்குத் தூக்கம் வரும். ஏனுங்க, தப்புங்களா?"

தையலைப் பிரிக்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் முதல் இரண்டு அத்தியாயங்களை நின்றபடியே படித்து முடித்திருந்தேன். எந்த வரிசையிலும் நிற்கும் என்று முன்னுரையில் மார்தட்டியவன் நான். நிற்கிறது. சாக்கு ஊசிக்கும் நிற்கிறது.

என்னிடம் பெட்டியை இரவல் வாங்கித் திருப்பித் தந்த நண்பர்களே, வீட்டுக்கு வந்து திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே அழிவு பத்திரமாக இருக்கிறது.

கல்யாணம் யாரிடம்?