கடைசித் தட்டு

பிள்ளைகளே, போன வருஷம் எங்கள் தாராவி வீட்டில் சாயங்காலமானால் பிரெஞ்சுச் சொற்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தோம். நான் தோல் பை செய்கிறவன். மரச்சுத்தியல் எப்போதும் கையருகில் இருக்கும். மகள் கலாவதி நர்ஸ். மாண்ட்ரியாலில் வேலைக்குப் போக அவள் பிரெஞ்சில் பேசிக் காட்டித் தேற வேண்டும். அவள் சொல்லைத் துண்டு துண்டாகச் சொல்வாள். துண்டுக்கு ஒன்றாக நான் தட்டுவேன். சாக்லேட்டை அவர்கள் ஷொ, கொ, லா என்கிறார்கள். மூன்று தட்டு.

“பை அடிக்கிற மாதிரி எல்லாத்தையும் ஒண்ணுபோல அடிக்காதீங்கப்பா. கடைசிலதான் ஜோர் குடுத்து பலமா அடிக்கணும்” என்பாள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். என் மனைவியும் மகள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள். குழாயடியில் குடம் நிறைந்ததும் சந்து முனையிலிருந்து “கலாவதீ” என்று கடைசியை இழுப்பாள். மகள் அசைய மாட்டாள். அது அப்பாவுக்கு என்று அவளுக்குத் தெரியும். நான் போய்க் குடத்தைத் தூக்கி வருவேன். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் மகள் தன் பெயரைச் சொல்லிப் பழகினாள். “ழ மாப்பெல் கலாவதி.” முதலில் நாம் சொல்வதுபோலவே வந்தது. பிறகு திருத்திச் சொன்னாள். முன் துண்டுகள் அடங்கி, கடைசித் துண்டு மட்டும் எழும்பியது. நான் சுத்தியலைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, “இந்தா வாரேன்” என்றேன். சந்தில் யாரோ குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். மகள் புத்தகத்தை மூடியிருந்தாள்.

“அம்மா மாதிரியா இருந்துச்சு?”

“ஒண்ணுமில்லட்டி. திரும்பச் சொல்லு.”

உங்களிடம் மறைக்க மாட்டேன். முதல் துண்டில் ஓங்கித் தட்டிக் கெடுத்துவிட்டால் இவள் என்னோடு இருந்துவிடுவாளே என்று அப்போது தோன்றியது. திரும்ப உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக் கை தூக்கினேன். மூன்று மெதுவாக, கடைசி பலமாக. சரியாகத்தான் தட்டினேன்.

தேறிவிட்டாள், போயும் விட்டாள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அங்கே பனி கொட்டுவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கடைசியை இழுத்து, “கலாவதீ” என்று கூப்பிட்டாள். மகள் அங்கே பிரெஞ்சில் “உய்” என்று குரல் கொடுத்து எழுந்து போனாள். இங்கே நானும் எழுந்து நின்றிருந்தேன்.