பதில் போடாத கேள்வி

மகளின் பிரசவத்துக்காக நான் துபாய் போனபோது, வீட்டையும் நாயையும் அடுத்த தெருக்காரி ஒருத்தியிடம் ஒப்படைத்தேன். குவைத்தில் பத்து வருடம் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மார்த்தாண்டத்துக்குத் திரும்பி வந்தவள். தனியாள். என்னைவிட இளையவள். நான் ஊரில் இல்லாத மூன்று மாதமும் எங்கள் வீட்டிலேயே தங்குவதாகப் பேச்சு.

"எதுன்னாலும் போன்ல கேப்பேன் அக்கா. சலிச்சுக்கப்படாது," என்றாள்.

"கேளுட்டி," என்றேன்.

சொன்னபடியே கேட்டாள். நாய்க்கு மீன் முள்ளோடு போடலாமா, மாத்திரையை எதில் வைத்துக் கொடுப்பது, மோட்டாரை எத்தனை நிமிஷம் ஓடவிட வேண்டும் என்று. முதல் வாரம் பேரக்குழந்தையைத் தோளில் போட்டபடியே எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பினேன்.

இரண்டாம் வாரம் ஒரு வீடியோ வந்தது. வராந்தாவில் அவள் பயறு உரித்துக்கொண்டிருக்கிறாள். நாய் அவள் மடியில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக் கிடக்கிறது. கணவர் இறந்தபின் ஏழு வருடமாக என் மடியைத் தவிர வேறு யாரிடமும் அப்படிப் படுக்காத நாய். "உங்கள மாதிரியே என்னையும் பிடிச்சுப் போச்சு அக்கா," என்று கீழே எழுதியிருந்தாள். அவளுடைய சந்தோஷம் எனக்கு எரிந்தது. அதன்பின் என் பதில்கள் ‘ம்’, ‘சரி’ என்று சுருங்கின.

ஐப்பசி மழை தொடங்கியதும் கேட்டாள்: "இடி முழங்கினா இவன் பயப்படுவானா அக்கா?"

பயப்படுவான். முதல் முழக்கத்திலேயே அவனை ஸ்டோர் ரூமில் விட்டு, பின்கதவைத் தாழிட வேண்டும். எனக்குத் தெரியும். செய்தியைப் படித்தேன், பதில் போடவில்லை. இதாவது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அழைத்தாள். மூச்சு வாங்கியது. இடிச் சத்தத்தில் நாய் பின்மதிலைத் தாண்டி ஓடியிருக்கிறது. மழையில் ரப்பர் தோட்டமெல்லாம் தேடி, தண்ணீர் ஓடும் சானல்கரைப் பாலத்துக்கு அடியில் கண்டுபிடித்திருக்கிறாள். வழுக்கி விழுந்து அவள் கணுக்கால் வீங்கிவிட்டது.

"என் தப்புதான் அக்கா. ஒருக்கா கேட்டதோட விட்டுட்டேன். திரும்பவும் கேட்டிருக்கணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "ஸ்டோர் ரூம் விஷயத்த நீ சொல்லலியாம்மா?"

மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனில் சொன்னேன்: "உன் கேள்விய அன்னைக்கே பாத்துட்டேன். வேணும்னேதான் பதில் போடல்ல. அவன் உன் மடியில படுத்தது எனக்குத் தாங்கல்ல."

அவளுக்குக் கோபம் இருந்தது, குரலில் தெரிந்தது.

"அந்தப் பயலுக்கு ஏதாவது ஆயிருந்தா ரெண்டு பேரும் என்ன செய்வோம்? வேற என்னத்தையாவது ஒளிச்சு வச்சிருந்தா இப்பமே சொல்லுங்கோ."

சொன்னேன். அவன் காதுக்குப் பின்னால் தொட்டால் வலிப்பது, கேஸ் சிலிண்டர் வண்டியைக் கண்டால் பாய்வது, மகள் விட்டுப்போன பழைய துண்டு இல்லாமல் தூங்காதது எல்லாவற்றையும். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

நான் திரும்பிய நாளில் நாய் ஊளையிட்டு என்மேல் தாவியது. சாயங்காலம் அவள் லேசாக நொண்டியபடி பையோடு கிளம்பியதும் கேட்டருகே போய் நின்றுகொண்டது. நான் நாலு தடவை கூப்பிட்டும் வரவில்லை.

வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கியிருந்த அவளிடம், "நாளைக்கும் வந்து இவனப் பாருட்டி," என்றேன்.