கித்துல் பாணி ஊற்றிய பியர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மணி அடித்தால், மனைவி சுகந்தி முதலில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள். பிறகு, வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பாள். கழற்றினால் விருந்தாளி. கழற்றாமல் நிற்பவர் யார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஜேர்மனியில் இருந்தவரை அவளிடம் இந்தப் பழக்கம் இல்லை. படுக்கையில் விழுந்த அவளுடைய தாயாரைப் பார்க்கவென்று நாங்கள் கொழும்புக்கு வந்த அன்றே அது திரும்பி வந்துவிட்டது.

தென் ஜேர்மனியில் நான் முதலில் கூலிவேலை செய்தது ஒரு ஹொப்ஸ் தோட்டத்தில். பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற கொடி அது. வெற்றிலையைப் போலப் படர்ந்து, கம்பங்களின் உச்சிவரை ஏறும். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் அலைந்த காலத்தில் அந்த வாசம் என் கையை விட்டுப் போகவில்லை. பின்னாளில் வீட்டு நிலவறையில் நானே பியர் காய்ச்சப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கசக்கட்டும்" என்பார். அந்த நாட்டில் என்னை யாராவது சமமாக நடத்தினார்கள் என்றால் அது அங்கேதான்.

கொழும்புக்குப் பெட்டி கட்டும்போது உடுப்புகளுக்கு நடுவே ஹொப்ஸ் பொட்டலங்களையும் வைத்தேன். கோழித்தீன் போன்ற பச்சைத் துண்டுகள். பொட்டலத்தைத் திறந்தால் நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளிய மணம். இங்கே வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று சுகந்தி சொன்னாள். ஒரு குடம் பியருக்கு யார் வரப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன். நுரை வருவதற்காகப் போத்தல்களில் சீனிக்குப் பதில், கித்துல் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணியை ஊற்றிப் பார்த்தேன். முதல் போத்தலை ஒரு கிழமையில் திறந்தேன். கசப்புக்குப் பின்னால் பாணியின் புகைவாசம் மெல்ல எழுந்தது. அப்படி ஒரு பியரை நான் எங்கேயும் குடித்ததில்லை. ஆனால் நிலவறையின் குளிர் இந்த வீட்டுக்கு இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம், பல்கனி வெக்கையில் இருந்த போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

சத்தம் அடங்கிய பிறகு கட்டடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதிதான் என்னைப் பயப்படுத்தியது. கீழ்வீட்டுப் பரமநாதன், வங்கியில் வேலை பார்ப்பவர், கட்டிலுக்குக் கீழே புகுந்து கிடந்தாராம்.

பொலிஸ் வந்தபோது செருப்புச் சத்தம் கேட்கவில்லை. சப்பாத்தோடு உள்ளே வந்தார்கள். எங்கள் பெயர்களைக் கேட்டு எழுதிவிட்டு, ஒருவர் பச்சைத் துண்டுகளை மூக்கருகே கொண்டுபோனார்.

"மே மொகக்த?" இது என்ன என்கிறார்.

"ஹொப்ஸ்," என்றேன்.

"கஞ்சாத?"

நான் வாயெடுக்குமுன் சுகந்தி குறுக்கே வந்தாள். "நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ."

பிறகு நல்ல சிங்களத்தில் அவருக்கு விளக்கினாள். அது நித்திரைக்கான மூலிகை, அம்மாவின் தலையணைக்குள் வைப்பது. வெடித்தது இஞ்சிப் பியர். அவர் அறைக்குள் போய், படுக்கையில் கிடந்த மாமியிடம் நித்திரை வருகிறதா என்று கேட்டார்.

"நிந்த நே, மஹத்தயா," என்றார் மாமி. நித்திரையே இல்லை. அது மட்டும் பொய்யில்லை.

ஒரு பொட்டலத்தையும் வெடிக்காதவற்றில் இரண்டு போத்தல்களையும் எடுத்துக்கொண்டார்கள். கடவுச்சீட்டுகளைப் படம் பிடித்தார்கள். பிறகு கூப்பிடுவோம் என்றார்கள்.

பொழுதுபடப் பரமநாதன் மேலே வந்தார். வாசலிலேயே நின்றார். "சத்தம் வராத பொழுதுபோக்கு ஒண்டு பாருங்கோ. உங்களுக்கெண்டா பிளேன் இருக்கு. நாங்கள் இஞ்சதானே இருக்கவேணும்."

அவர் கீழே இறங்கியதும் மிச்சப் பியரையெல்லாம் குளியலறையில் ஊற்றினேன். யார் பொலிசுக்கு அறிவித்தது என்று தெரியாது. படியில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தில் அதைத் தேடுகிறேன். அவர்களோ சுவரைப் பார்த்தபடி இறங்குகிறார்கள். பொலிஸ் இன்னும் கூப்பிடவில்லை.

இப்போதெல்லாம் மீன் வாங்கப் போனாலும் சுகந்தி ஒரு பொலித்தீன் பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள். எங்கள் ஜேர்மன் கடவுச்சீட்டுகளும், அவளுடைய பழைய இலங்கை அடையாள அட்டையும் அதற்குள் இருக்கின்றன. நேற்று பெருந்தெருவான காலி வீதியில் பொலிஸ்காரர்கள் ஆட்களை வரிசையில் மறித்து அடையாளம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பைக்குள் கையை விட்டாள்.

"எதை எடுக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வரிசை நகர்ந்தது. அவளுடைய கை பைக்குள்ளேயே இருந்தது.