எங்க ஆபீசுக்குள்ள மட்டும் போன ஆர்டர்

செலினாக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபந்தான் முதலில் வருகிறது.

அக்காவுக்கு ஊர் சோழபுரம். எனக்குத் தேவதானம். இரண்டு வீட்டிலும் முதல் டிகிரி எங்களுடையதுதான்; அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. ராஜபாளையத்தில் பால்பாண்டி நடத்தும் சின்னக் கம்பெனியில் வேலை. கடைகளுக்கு வெப்சைட் செய்து, சர்வரில் ஏற்றி, ஓடவைப்போம். சைட் படுத்தால் எழுப்புவது அக்கா. பேர் வாங்குவது முதலாளி.

பால்பாண்டி முன்பு பஞ்சு மில் வைத்திருந்தவர். மில் சட்டத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்: உள்ளே வரும்போதே போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இன்டர்நெட்டை வைத்துப் பிழைக்கிறவன் கையில் போன் கூடாதாம்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஆடிப்பூரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர் இசக்கியம்மாள் பால்கோவா கடையின் சைட்டைப் புது சர்வருக்கு மாற்றினோம்.

"செத்த நேரம் பொறுங்க ஸார். இன்னும் பாத்து முடிக்கல" என்றார் அக்கா.

"ராகு காலம் வந்துரும்ட்டி" என்று முதலாளி தானே பட்டனை அமுக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் இசக்கியம்மாள் ஆபீஸ் போனில் பிடித்துக்கொண்டார். "ஏப்பா பால்பாண்டி, ஆர்டர அமுக்குனா சுத்திக்கிட்டே கெடக்காம். திருவிழா நேரத்துல எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியா?"

முதலாளி தன் கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டார். போனது. "நல்லாத்தான போவுது! அவுக நெட்டு சரியில்ல" என்றார். மத்தியானம் மறுபடி போன்: இன்றைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம். உடனே பழி அக்கா மேல் திரும்பியது.

"ஏட்டி, நீதான் கைய வச்சுக் கெடுத்துட்ட. என் தப்புதான்னு அவுககிட்டச் சொல்லிட்டு, நாளையில இருந்து வராத."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்கா புது சர்வரில் பதிவான தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க பாரு. வெளியாளுக ஆர்டர் ஒண்ணுகூட வரல. சரி. ஸார் காலையில போட்ட ஆர்டர் எங்க? அதுவும் இல்ல. போயிருச்சுன்னு காட்டுச்சுல்ல, எங்கதான் போச்சு?"

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தன் போனை எடுத்தார்.

"ஏய், ரூல் தெரியும்லா?" என்று முதலாளி கத்தினார்.

"தெரியும் ஸார்" என்றபடி தெருவுக்கு இறங்கினார். நானும் ஓடினேன். வைஃபையை அணைத்துவிட்டு, போனின் சொந்த நெட்டில் சைட்டைத் திறந்தார். பக்கம் வந்தது. ஆர்டரை அமுக்கினார். சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே வந்து ஆபீஸ் வைஃபையில் அமுக்கினார். போய்விட்டது.

அப்புறம் என்ன இருக்கிறது? பக்கம் புது சர்வரிலிருந்து வருகிறது. ஆர்டரை அனுப்பவேண்டிய முகவரி மட்டும் மாடிப்படிக்குக் கீழே நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் மெஷினுக்கே இருக்கிறது. அந்த முகவரி எங்கள் சுவருக்குள்தான் செல்லும். உள்ளே இருக்கிறவனுக்கு எல்லாம் சரி. ஊர் உலகத்துக்குக் கதவு அடைப்பு. போன் இருந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். ராகு காலத்துக்குப் பயப்படாமல் அக்காவைப் பார்த்து முடிக்க விட்டிருந்தால் நடந்தே இருக்காது.

ஒரே வரி. அக்கா மாற்றினார். தெருவில் நின்று அமுக்கிப் பார்த்தோம். ஆர்டர் சர்வரில் வந்து விழுந்தது.

முதலாளி உடனே இசக்கியம்மாளுக்குப் போன் போட்டார். "அக்கா, நம்ம பையன் சரி பண்ணிட்டான்."

"நான் ஒண்ணும் பண்ணல ஸார்!" கத்தியேவிட்டேன்.

அக்கா ஸ்பீக்கரை அமுக்கினார். "அம்மா, செலினா பேசுதேன். என் தப்புதான்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, நாளையில இருந்து வேலைக்கு வராதன்னாக. யாரு தப்புன்னு ஸாரே சொல்லுவாக."

முதலாளி முகம் கறுத்தது. "எங்க பக்கந்தான் அக்கா..."

"எங்க பக்கம்னா யாரு ஸார்?"

"...நாந்தான் அவசரப்பட்டு அமுக்கிட்டேன்."

"அப்ப அந்தப் புள்ளைய எதுக்குல மெரட்டுத?" ஸ்பீக்கர் அதிர்ந்தது. "இனி சைட்டுச் சோலி எதுன்னாலும் அவகிட்டதான் பேசுவேன். அவ இல்லேன்னா நானும் இல்ல."

மறுநாள் அக்கா வழக்கம்போல் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி அக்காவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.