வரப்போடு நின்றுவிட்ட அக்கா

இந்த நினைவு மலரை வாங்கிப் புரட்டுகிற சொந்தபந்தங்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவர் மகன் கேட்டான். நல்லதாகத்தான் எழுதுவேன். ஆனால் புத்தி தெரிந்த நாளிலிருந்து அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தோம். அக்கா மூத்தவர், நான் இளையவள். நிறம், முடி, கைப்பக்குவம் எல்லாம் அவருக்கே போனது. நான் நட்ட அவரையில் பூச்சி விழும்; பக்கத்திலேயே அக்கா நட்டது பந்தலை மூடும். "அவ கைராசி அப்படி" என்பார் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மோகனூர்ப் பக்கம் ஆற்றோரக் கிராமத்தில், அண்ணன் தம்பி இருவருக்கு எங்கள் இருவரையும் கட்டிக் கொடுத்தார்கள். குடும்பத் தொழில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம். பாகம் பிரித்தபோது மேட்டுத் தோட்டம் எங்களுக்கு வந்தது, பள்ளத் தோட்டம் அக்காவுக்குப் போனது. வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. பள்ளத்தில் என்ன விளைந்துவிடப் போகிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்திருந்தேன். விளைந்தது. சந்தையில் "அக்கா வெத்தல" என்று பேர் சொல்லிக் கேட்கிற அளவுக்கு விளைந்தது.

அது போதாதென்று தோட்டத்து மூலையில் குட்டை வெட்டி மீனும் வளர்த்தார். அதுவும் கொழுத்தது. ஒரு மார்கழியில், வலை உரசிக் காயம்பட்ட மீன்களின் மேல் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதோ படர்ந்து, சில செத்து மிதந்தன. எனக்கு அன்று சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. அக்கா மீன்வளத் துறை அதிகாரி ஒருவரை அழைத்துவந்து காட்டினார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"பாக்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனா நெசப் பூஞ்சை இல்லைங்கம்மா. நீர்ப்பூஞ்சைன்னு சொல்லுவோம். இதோட வித்து தண்ணியில நீந்திப் போகும். உங்க வெத்தலக் கொடிய வேரோட அழுக வைக்கறதும் இந்த வகையறாதான்" என்றார் அவர்.

அடிபட்ட மீன்களைத் தனியே பிடித்து உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொன்னார். பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. அவர் போன பிறகும் அக்கா குட்டையையும் மேட்டிலிருந்து வருகிற வடிகாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் மேட்டுக் கொடிக்காலில் வாடல் விழுந்தது. பச்சையாக நின்ற கொடி துவண்டு தொங்கியது. இழுத்தால் அழுகின தண்டு கையோடு வந்தது. அழுதுகொண்டே அக்காவின் தோட்டத்துக்கு ஓடினேன். கொடிக்காலுக்குள் செருப்போடு போகிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. வரப்பில் செருப்பை விட்டுவிட்டுக் காலெடுத்து வைக்கப் போனேன். அக்கா எதிரே வந்து கையை நீட்டி மறித்தார்.

"அங்கயே நில்லு புள்ள. உள்ள வராத."

"செருப்பத்தான் கழட்டிட்டனேக்கா."

"காலெல்லாம் சேறா இருக்குது பாரு. அந்த நோவு தொத்த அந்தச் சேறே போதும்."

மேட்டு வடிகாலையும் அன்றே மண் போட்டு அடைத்து, வேறு பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் கொடிக்கால் முழுதும் போனது. அக்காவுடையது தளதளவென்று நின்றது. அவர் தோட்டத்து ஆட்களெல்லாம் உள்ளே போகலாம், நான் மட்டும் போகக்கூடாது. கூடப்பிறந்தவளை வரப்பில் நிறுத்தி வைத்துப் பேசினால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மேட்டில் வாழை வைத்துவிட்டு, ஊருக்கு மேற்கே வேறு நிலம் பிடித்து அகத்தி வளர்த்தோம். அகத்தி அடியில் நட்டுப் படரவிட விதைக்கொடிக்கு எங்கே போவது என்று தவித்த சமயம், அக்கா வண்டியில் வந்து இறங்கினார். தன் தோட்டத்திலேயே நல்ல வரிசையாகப் பார்த்து அறுத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன். வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"நான் வர மாட்டன். என்ற காலயும் நம்பாத."

"கழுவிக்கலாங்க்கா."

"வேண்டாஞ்சாமி. உன்னய வரப்புல நிறுத்துனவ நானு. எனக்கு மட்டும் வேற ஞாயமா?"

கடைசிவரை அந்தத் தோட்டத்துக்குள் அக்கா காலடி வைக்கவில்லை.

சர்க்கரை முற்றிப் படுக்கையில் கிடந்தபோது, என் தோட்டத்து வெற்றிலை வேண்டும் என்று ஆசைப்பட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மெதுவாக மென்றுகொண்டே சொன்னார்: "என்றத விட உன்றது நல்லா இருக்குது. வயித்தெரிச்சலா இருக்குது புள்ள."

வாழ்நாளெல்லாம் அவர் வாயிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

எரியூட்டிவிட்டு ஆற்றில் முழுகி ஈரத்துணியோடு திரும்பியவர்கள், குறுக்கு வழி என்று எங்கள் பழைய மேட்டுத் தோட்டத்து வாழைக்குள் இறங்கி, அக்காவின் கொடிக்கால் வழியாக வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். வாழை வைத்தும் பழைய நோவு போகாத மேட்டுச் சேறு ஈரக்காலோடு பள்ளத்துக்கு வந்தது. கையை நீட்டி மறிக்க அக்கா இல்லை. நான் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தேன். அடுத்துப் பிடித்த மழையில் பள்ளத் தோட்டம் துவண்டு விழுந்தது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. துக்கத்தில் வந்தவர்களுக்கு என்ன தெரியும்?

இன்றைக்கு அக்காவின் கொடி மிச்சமிருப்பது என்னிடம்தான். போன மாதம் அக்காவின் மருமகள் விதைக்கொடி கேட்டு வந்தாள். என்னையறியாமல் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். "அங்கயே நில்லு சாமி. நானே அறுத்துத் தாரேன்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. அன்று என் முகமும் அப்படித்தான் சுண்டியிருக்கும்.

அக்காவைப் படுக்கையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மகனுக்கும் மருமகளுக்கும், குட்டை மீனுக்கு இன்றும் தவறாமல் தீனி போடுகிற அக்கா வீட்டுக்கார மாமாவுக்கும், தோள் கொடுத்து ஆற்றங்கரை வரை வந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று முதலாண்டு நினைவுப் பந்தியில் கை கழுவிவிட்டு வந்தால் தட்டில் வெற்றிலை இருக்கும். அது என் நிலத்தில், என் தண்ணீரில், என் கையால் வளர்ந்தது. இருந்தாலும் வாயில் போட்டதும் "அக்கா வெத்தல" என்றுதான் சொல்வீர்கள். சந்தையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். போன பிறகும் அந்தப் பேரை எனக்கு விட்டுத்தர அவருக்கு மனசில்லை. எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது.

தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் போக நினைக்கிறவர்கள் தாராளமாக வாருங்கள். வரப்போடு நின்றுகொள்ளுங்கள். அக்காவும் அங்கேதான் நின்றார்.